ஐந்தடிச் சந்து அகலமாகத் தெரிய ஒரு தோட்டம்

பிளானில் செட்பேக் என்று, கட்டாமல் காலியாக விட்டு, வீடு கட்டி முடித்ததும் மிச்சமான டைல்ஸும் காலி பெயிண்ட் டப்பாவும் பழைய கதவும் போய்ச் சேர்ந்துகொள்ளும் பக்கவாட்டுச் சந்து இருக்கிறதே, அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சென்னையில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனையில் தனி வீடு கட்டிய பலருக்கும் இந்தச் சந்து உண்டு. நாலடி, ஐந்தடி அகலம், நாற்பது ஐம்பது அடி நீளம், ஒரு பக்கம் வீட்டுச் சுவர், இன்னொரு பக்கம் காம்பவுண்டு. எங்கள் வீட்டில் வடக்குப் பக்கம் ஐந்தரை அடி அகலம், 42 அடி நீளம். அதில் முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான், இரண்டு சுவரை ஒட்டியும் வரிசையாகத் தொட்டிகள், நடுவில் நேராக ஒரு நடைபாதை. செடியெல்லாம் நன்றாகத்தான் வளர்ந்தது, ஆனால் கேட்டைத் திறந்து உள்ளே பார்த்தால் ரயில் பெட்டியின் நடைவழி மாதிரி இருக்கும். யாரும் அங்கே நிற்க மாட்டார்கள், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போய்விடுவார்கள்.

ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவே இரண்டு வருஷம் ஆனது. சந்து குறுகலாகத் தெரிவதற்கு அகலக் குறைவு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, வாசலில் நின்றாலே கடைசிச் சுவர் வரைக்கும் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடுவது. இரண்டு நீளமான கோடுகள் கண்ணை இழுத்துக்கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்திவிடுகின்றன, வழியில் கண் தங்க ஓரிடமும் இல்லை.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய தெரு வீடுகளுக்குள் போனவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று பிடிபடும். முன்பக்கம் குறுகல், பின்னால் கொல்லை வரை ஒரே நீளம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஆனாலும் அந்த வீட்டுக்குள் நெருக்கடி தெரியாது. திண்ணையிலிருந்து ரேழிக்குள் நுழைந்தால் இருட்டு, அப்புறம் கூடத்தில் முற்றத்து வெளிச்சம் கொட்டும், மறுபடி நிழல், கடைசியில் கொல்லையில் கிணற்றடி வெயில். நாலு இடங்களைக் கடந்து வந்தது போல இருக்குமே தவிர, ஒரு நீள வீட்டில் நடந்தது போல இருக்காது. ஜப்பானில் கியோட்டோ நகரத்துப் பழைய வணிகர் வீடுகளும் இதே மாதிரி ஒடுக்கமாக நீண்டவைதான், விலாங்கு மீனின் படுக்கை என்றே அந்த அமைப்புக்குப் பெயர். அவர்களும் வீட்டுக்கு நடுவில் ட்சுபோநிவா என்று ஒரு குட்டித் தோட்டத்தை வைத்துத்தான் மூச்சு விட இடம் செய்துகொண்டார்கள். ஒரு ட்சுபோ என்றால் 3.3 சதுர மீட்டர், நம் கணக்கில் 36 சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு சின்ன இடம் போதும் என்றால் நம் சந்து தாராளம்.

ஆக, செய்ய வேண்டியது இதுதான்: நீளத்தை உடையுங்கள், குறுக்குக் கோடுகளைக் கூட்டுங்கள், எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டாதீர்கள்.

முதலில் வெயில்

செடி வாங்கப் போகும் முன் சந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் இங்கே கணக்கு கொஞ்சம் வேறு. சென்னை கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் மதிய வெயில் சரியாகத் தலைக்கு மேல் வரும், அங்கிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால் வடக்குச் சந்தில் கோடை முழுக்க நல்ல வெயில் விழும். அதே சந்து டிசம்பரில் முழு நிழல், ஏனென்றால் அப்போது 20 அடி உயர மாடி வீட்டின் மதிய நிழலே 15 அடிக்குப் போகிறது. தெற்குச் சந்தில் இது தலைகீழ். கிழக்கிலும் மேற்கிலும் வருஷம் முழுக்க ஓரளவு ஒரே மாதிரி, காலையிலோ மாலையிலோ சில மணி நேரம். பக்கத்து வீடு மாடி வீடாக இருந்தால் இதெல்லாம் இன்னும் குறையும், அதையும் சேர்த்துப் பாருங்கள். மே மாதம் நர்சரிக்குப் போய் வெயில் செடிகளாக வாங்கி வந்து வடக்குச் சந்தில் நட்டுவிட்டு, கார்த்திகையில் எல்லாம் சுருண்டு போனதும் மண்ணைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், சந்தில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். சம்ப் என்கிற தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, செப்டிக் டேங்க் மூடி, சாக்கடை சேம்பர், மோட்டார், ஏசியின் வெளி யூனிட், மழைநீர்க் குழி. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு பல வீடுகளில் அந்தக் குழி இந்தச் சந்தில்தான் இருக்கிறது. எதன் மேலும் மண்ணைக் கொட்டி மூடிவிடாதீர்கள், நகர்த்த முடியாத கனத்த தொட்டியை வைக்காதீர்கள். என்றைக்காவது ராத்திரி பத்து மணிக்கு அந்த மூடியைத் திறக்க வேண்டி வரும். ஏசி யூனிட்டின் சூடான காற்று நேராகப் படும் இடத்தில் இலை கருகும், அங்கே செடி வேண்டாம்.

மூன்று துண்டு

எங்கள் 42 அடியை நான் 11, 18, 13 என்று பிரித்தேன். சமமாகப் பிரிக்காதீர்கள், சமமாக இருந்தால் மறுபடி பெட்டி பெட்டியாக ரயில் மாதிரிதான் ஆகும்.

முதல் 11 அடியில் நடைபாதை வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டரை அடி. கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வர அந்த அளவு வேண்டும், அதற்குக் கீழே போனால் கஷ்டம். மீதி மூன்றடியும் காம்பவுண்டு பக்கம் ஒரே பாத்தி. இரண்டு பக்கமும் ஒன்றரை அடி ஒன்றரை அடியாகப் பங்கு போட்டால் எந்தப் பக்கமும் ஒரு ஒழுங்கான புதர்கூட நிற்காது. மூன்றடி ஒரே பக்கம் கிடைத்தால் உயரமானது பின்னால், நடுத்தரம் அதற்கு முன்னால், தரையோடு படர்வது ஓரத்தில் என்று மூன்று அடுக்கு வைக்கலாம். இலைக்குப் பின்னால் இலை தெரிந்தால் சுவர் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. அகலம் அங்கேதான் கூடுகிறது.

பதினோராவது அடியில் பாதையைத் திருப்பினேன். வீட்டுப் பக்கம் ஆறடி உயரத்தில் ஒரு மூங்கில் தட்டி, சுவரிலிருந்து இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் காலடியில் நாலைந்து தொட்டிகள் கூட்டமாக. இப்போது கேட்டிலிருந்து பார்த்தால் பாதை தட்டிக்குப் பக்கம் போய் மறைகிறது, அதற்கு அப்பால் என்ன என்று தெரியாது. தட்டி அடைப்பாக இருக்கக் கூடாது, இடைவெளி விட்டுக் கட்டியதாக வெளிச்சம் கசிய வேண்டும். மொத்தச் செலவில் இந்தத் தட்டிக்கு ஆனதுதான் மிகக் குறைவு, ஆனால் எங்கள் சந்தை மாற்றியது இதுதான் என்பேன். கட்டும் முன் நாலு நாள் ஒரு பழைய போர்வையைக் கயிற்றில் தொங்கவிட்டு, நடக்க இடிக்கிறதா, சமையலறைக்கு வெளிச்சம் குறைகிறதா என்று பார்த்தேன். நீங்களும் அப்படிப் பாருங்கள்.

தட்டியைத் தாண்டினால் அடுத்த 18 அடி. இங்கே நான் எதையும் நடவில்லை. ஐந்தரை அடியும் வெறும் தரை, ஒரு மூலையில் அகலமான உருளியில் தண்ணீர், எதிர் மூலையில் இரண்டு தொட்டி, அவ்வளவுதான். இடம் சின்னது, அதில் ஒரு அங்குலம்கூட வீணாக்கக் கூடாது என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் நடுவில் ஒரு துண்டு முழு அகலத்துக்கும் காலியாகக் கிடந்தால்தான் அந்த அகலமே கண்ணுக்குத் தெரிகிறது. முன்னாலும் பின்னாலும் செடி நெருக்கி நிற்க, நடுவில் முற்றம் மாதிரி வெறும் தரை. எங்கள் சம்ப் மூடி இங்கேதான் இருக்கிறது, அது தரையோடு தரையாகக் கிடக்கிறது. உருளித் தண்ணீரில் வானம் தெரியும். கொசு வராமல் இருக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவி ஊற்ற வேண்டும், அதற்கு முடியாதென்றால் உருளி வைக்காதீர்கள்.

கடைசித் துண்டு தொடங்கும் இடத்தில் ஒரு மரம். பாதை மறுபடி வீட்டுப் பக்கம் திரும்பி, அந்த மரத்தின் கிளைக்குக் கீழே நுழைந்து போக வேண்டும். எங்களுடையது பவளமல்லி. மழைக்காலத்தில் விடியற்காலை போய்ப் பார்த்தால் கடப்பா கல் மேல் ஆரஞ்சுக் காம்பும் வெள்ளை இதழுமாக உதிர்ந்து கிடக்கும், சில பூக்கள் குப்புற, சில மல்லாந்து, ஏழு எட்டு மணிக்குள் வாடத் தொடங்கிவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அதை வைக்கலாம். இடம் இன்னும் குறைவென்றால் கறிவேப்பிலை நல்லது, ஒல்லியாக மேலே போகும். வேரிலிருந்து வரும் கன்றுகளை மட்டும் அவ்வப்போது கிள்ள வேண்டும். எதுவானாலும் ஆறரை, ஏழடி வரை பக்கக் கிளைகளை நறுக்கிவிட்டு, தலைக்கு மேலே குடை மாதிரி விரிய விடுங்கள். மரத்துக்குக் கீழே நுழைந்து போகும்போது அடுத்த இடத்துக்குப் போகிறோம் என்று உடம்புக்கே தெரியும்.

தரைக் கோடு

கல் பதிக்கும் மேஸ்திரியிடம் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், பெரும்பாலும் கல்லின் நீளப் பக்கத்தைச் சந்தின் நீளத்தோடு சேர்த்துப் பதித்துவிட்டுப் போய்விடுவார். சந்து அப்போது இன்னும் ஒடுங்கும். கூடவே நின்று, 2 அடிக்கு 1 அடி கல்லின் நீளப் பக்கம் சுவரிலிருந்து சுவருக்குக் குறுக்காக வரும்படி பதிக்கச் சொல்லுங்கள். இன்னும் நன்றாக வேண்டுமென்றால் 45 டிகிரிக் கோணத்தில் பதிக்கலாம். ஐந்தடி அகலத்தில் கோணமாக ஓடும் கோடு ஏழடி நீளம் வரும், கண் அந்த ஏழடியைத்தான் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் வெட்டுக் கல் கூடுதலாக வீணாகும், கூலியும் கொஞ்சம் ஏறும். எனக்குப் பணம் போதவில்லை, நடு முற்றத்தில் மட்டும் கோணமாகப் போட்டேன், மற்ற இரண்டிலும் குறுக்கு. பார்க்கப் போனால் தரையின் மாதிரி மாறுவதே இடம் மாறியதைக் காட்டுவதால் அதுவே நல்லதாகப் போயிற்று.

கடப்பா கல் வெயிலில் கொதிக்கும், நல்ல வெயில் விழும் சந்துக்கு வெளிர் நிறக் கல் வையுங்கள். பளபளப்பான டைல்ஸ் வேண்டாம், மழையில் வழுக்கும். எந்தக் கல்லானாலும் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் லேசான சரிவு வேண்டும், தண்ணீர் மழைநீர்க் குழிக்குப் போகிறதா என்று ஒரு வாளி ஊற்றிப் பார்த்த பிறகு மேஸ்திரிக்குக் கணக்கு முடியுங்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டி மண் பாத்தி போடவே கூடாது. சுவர் ஓதம் ஏறும், கரையான் வரும், உள்ளே பெயிண்ட் உரியும். அந்தப் பக்கம் தொட்டி மட்டும், அதையும் அரையடி தள்ளி. காம்பவுண்டு பக்கப் பாத்திக்கு இரண்டடி தோண்டுங்கள். நிச்சயம் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வரும், கட்டும்போது கொத்தனார்கள் எல்லாவற்றையும் அங்கேதான் தள்ளியிருப்பார்கள். எங்கள் பாத்தியிலிருந்து 23 சட்டி இடிபாடு வெளியே போனது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பினால் போதும்.

சுவரும் நிறமும்

நிறம் பற்றி ஒரு பொதுவான யோசனை எல்லோரும் சொல்வார்கள்: பக்கத்தில் சிவப்பும் மஞ்சளும், தூரத்தில் நீலமும் வெள்ளையும் வைத்தால் தோட்டம் ஆழமாகத் தெரியும் என்று. அது உண்மைதான். ஆனால் நமக்கு நீளம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது, இல்லாதது அகலம். நீளச் சந்தில் இந்த யோசனையைக் கேட்டால் சந்து இன்னும் நீண்டு இன்னும் ஒடுங்கும். அதனால் நான் மாற்றிச் செய்தேன். கடைசிச் சுவருக்குக் காவி நிறம், அதன் முன்னால் பெரிய இலை சேம்பு, சிவப்பும் மஞ்சளுமாக குரோட்டன்ஸ். அந்தச் சுவர் நம்மை நோக்கி வந்து நிற்கிறது, நீளம் குறைகிறது. பக்கச் சுவர்களுக்கு வெளிர் நிறம், அதன் முன்னால் சின்ன இலைச் செடிகள், நந்தியாவட்டை, பெரணி, வெள்ளை வெட்சி. சின்ன இலையும் வெளிர் நிறமும் பின்வாங்கும், சுவர் தள்ளிப் போனது போல இருக்கும். நந்தியாவட்டை வெயிலுக்கும் நிழலுக்கும் ஒத்துப்போவது, வடக்குச் சந்துக்கு அதைப் போல நம்பிக்கையான செடி எனக்குத் தெரியவில்லை.

செடி வகையைக் குறையுங்கள். நர்சரியில் பார்க்கும் எல்லாமே அழகுதான், ஒவ்வொன்றாக இருபது வாங்கி வந்து வைத்தால் கண் ஒவ்வொன்றிலும் முட்டி முட்டி நிற்கும். ஐந்தாறு வகை, அதையே திரும்பத் திரும்ப. முள் உள்ளது வேண்டாம். காகிதப்பூவை ஆசைப்பட்டு வைத்து, ஒவ்வொரு முறை நடக்கும்போதும் அம்மாவின் புடவை மாட்டிக் கிழிந்து, கடைசியில் வெட்டினோம். வேரில் பரவும் மூங்கிலும் வேண்டாம், தரைக் கல்லைத் தூக்கிவிடும்.

கொடி ஏற்றுவது சுவரை மறைக்க நல்ல வழி. சுவரில் நேராக ஒட்டி வேர்விடும் கொடியை விடாதீர்கள், பூச்சைப் பெயர்த்துவிடும், எடுத்தாலும் தடம் போகாது. சுவரிலிருந்து மூன்று நாலு அங்குலம் தள்ளி துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வலை அடித்து அதில் நித்தியமல்லியோ சங்குப்பூவோ முல்லையோ ஏற்றுங்கள். காற்று போகும், சுவர் ஈரம் காயும். பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள் என்று காம்பவுண்டை ஏழடி எட்டடி உயர்த்துகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் கிணற்றுக்குள் நிற்பது போல ஆகிவிடும். சுவர் ஐந்தடியிலேயே நிற்கட்டும், மேலே இரண்டடி வலையும் கொடியும் போதும்.

பக்கத்து வீட்டில் என்ன மரம் இருக்கிறது என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். எங்களுக்கு ஒரு தென்னை. அதை மறைக்காமல், முற்றத்து உருளிக்கு நேர் மேலே அது தெரியும்படி கொடியை அந்த இடத்தில் தாழ்வாக நிறுத்திவிட்டேன். ஜப்பானியத் தோட்டக்காரர்கள் தூரத்து மலையைத் தங்கள் தோட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வதை ஷக்கெய் என்கிறார்கள், கடன் வாங்கிய காட்சி என்று பொருள். நமக்கு மலை கிடையாது, அடுத்த வீட்டுத் தென்னை போதும். அதுவரைக்கும் நம் தோட்டம் நீண்டுவிடும்.

கண்ணாடி பற்றிக் கேட்பீர்கள். சுவரில் கண்ணாடி மாட்டினால் இடம் இரட்டிப்பாகத் தெரியும், சந்தேகமில்லை. நானும் பழைய ஜன்னல் சட்டத்தில் ஒன்று பொருத்தினேன். மூன்றாம் நாள் ஒரு ஆண் தேன்சிட்டு வந்தது, கழுத்து நீலமாக மின்னும். கண்ணாடியில் தெரிந்த தன்னையே இன்னொரு சிட்டு என்று நினைத்துக் கொத்த ஆரம்பித்தது. காலை ஆறரைக்குத் தொடங்கி வெயில் ஏறும் வரை, சட்டத்தில் உட்காரும், கொத்தும், விலகும், மறுபடி வரும், தினமும். பார்க்க மனசு தாங்கவில்லை, ஒரே வாரத்தில் கழற்றிவிட்டேன். பறவை வராத, மேலே கூரை உள்ள இடம் இருந்தால் மட்டும் வையுங்கள்.

வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பது

நிஜத்தில் இந்தத் தோட்டத்தை நாம் அதிகம் பார்ப்பது கேட்டிலிருந்து இல்லை, சமையலறை ஜன்னலிலிருந்தும் படுக்கையறை ஜன்னலிலிருந்தும்தான். அங்கிருந்து பார்வை குறுக்காகப் போகிறது, ஐந்தடியில் காம்பவுண்டில் முட்டுகிறது. அதனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேர் எதிரே, சுவரில் எதையாவது வையுங்கள்: கொடி வலையோ, ஒரு விளக்கு மாடமோ, நல்ல தொட்டியோ. சரி நேராக வைக்காமல் ஒரு முழம் ஓரமாகத் தள்ளி வைத்தால் கண் கோணமாகப் போகும், தூரம் கூடும்.

உட்கார இடம் கடைசி மூலையில், சுவருக்கு நேராக இல்லாமல் மூலையைக் கோணமாக வெட்டினாற்போல ஒரு கருங்கல் பலகை, 16 அங்குல உயரம். அங்கே உட்கார்ந்தால் மரம், அதற்கு அப்பால் காலி முற்றம், அதற்கும் அப்பால் தட்டி, கேட் தெரியாது.

விளக்குக்கு ஒரு டியூப் லைட்டைக் கடைசிச் சுவரில் மாட்டினால் பகலில் செய்த வேலையெல்லாம் இரவில் வீண், மறுபடி நடைவழிதான். மஞ்சள் வெளிச்சத்தில் சின்ன விளக்கு மூன்று போதும். பவளமல்லியின் காலடியில் மேல்நோக்கி ஒன்று, தட்டிக்குப் பின்னால் ஒன்று, பாத்திக்குள் இலைகளுக்கு நடுவே ஒன்று. தட்டியின் நிழல் சுவரில் கோடு கோடாக விழும். ஒயரிங்கை எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள், மழையில் நனையும் இடம்.

துணிக்கொடியை எங்கே கட்டுவது என்று வீட்டில் சண்டை வரும். மாடிக்குக் கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் நீளவாக்கில் கட்டாமல் கடைசித் துண்டில் குறுக்காக, இழுத்தால் வந்து விட்டால் சுருண்டுகொள்ளும் வகைக் கொடி வையுங்கள். செருப்பு ஸ்டாண்டும் பழைய சைக்கிளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது, ஒன்று வந்தால் பத்து வரும்.

ஒரே நேரத்தில் எல்லாம் செய்ய வேண்டியதில்லை. முதல் வாரம் சந்தைக் காலி செய்து சுவருக்குப் பெயிண்ட், அப்புறம் தட்டி, கையில் பணம் வரும்போது தரை. செடியை ஆடிக்குப் பிறகு, முதல் மழை விழுந்து மண் குளிர்ந்ததும் நடுங்கள். நட்ட பிறகு மாதம் ஒரு நாள் கத்தரியோடு சந்தில் நடந்து, பாதைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதையும் தோள் உயரத்தில் முகத்தில் இடிப்பதையும் வெட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு முறை வெட்ட வேண்டியிருக்கும், நந்தியாவட்டை அவ்வளவு வேகமாக வரும்.